மாதிரி ரயிலும் மறைந்த மக்களும்

விளையாட்டுச் சாமான்களுள் ரயில் வண்டிக்குள்ள பெருமை வேறெதற்கும் இல்லை. சாவி கொடுத்தால் வட்டமிட்டு ஓடும் தகர ரயிலைக் கண்டு கைகொட்டிச் சிரிக்காத குழந்தை உண்டோ? ஆனால் யான் இங்கு எழுதப் புகுந்தது அந்த விளையாட்டு ரயிலைப் பற்றியன்று. ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்த ஒரு பாதையை, அதன் நிலையங்கள், பாலங்கள், வண்டிகள், சுற்றிலும் இருந்த காடு, தோட்டம், குடியிருப்பு, மனிதர் ஆகிய யாவற்றுடனும் சரித்திரத்துக்குப் பிசகாமல் சிறிய அளவிற் செய்து, பொதுஜனங்கள் வந்து காணும்படி வைப்பதைப் பற்றியே எழுதுகின்றேன். "இது செல்வர்களின் பொழுதுபோக்கன்றோ? பாடுபட்டுப் பிழைக்கும் தோட்டத்து ஜனங்களுக்கு இதனால் ஆவதென்ன?" என்று சிலர் கேட்கலாம். நம்மைக் காட்டிலும் இது அவசியமானவர்கள் வேறு எவரும் இலர் என்பதே என் அபிப்பிராயம். காரணத்தைச் சொல்லுகின்றேன்.

யான் நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டத்து ஆபீஸில் கிராணியாக இருப்பவன். தொடக்கமுதல் ஆங்கிலத்தின் வழியே கல்வி கற்றவன். 1825ம் வருஷம் இங்கிலாந்தில் ஸ்டாக்டனுக்கும் டார்லிங்டனுக்கும் இடையே ரயில் ஓடியதையும், 1829ல் ஸ்டீபன்ஸன் குடும்பத்தாரின் 'ராக்கெட்' என்னும் எஞ்சின் பந்தயத்தில் வென்றதையும் பள்ளியில் மனப்பாடம் செய்தேன். ஆனால், எங்கள் தோட்டத்துக்குச் சற்றுத் தூரத்தில் புதர் மண்டிக் கிடக்கும் கம்பிச்சடக்கு எந்த வருஷத்தில் போடப்பட்டது, யாருடைய பாடுபாட்டால் எழுந்தது என்பதை எவரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, யானும் கேட்டதில்லை. சென்ற ஆண்டில், தமிழ்ப் பள்ளியின் விழாவுக்கு ஏதேனும் ஒரு காட்சி அமைத்துத் தரவேண்டுமென்று ஆசிரியர்கள் கேட்டபோது, அந்தப் பாதையையே மாதிரியாகச் செய்து வைப்போம் என்று வாக்களித்துவிட்டேன். பலகை, அட்டை, பசை, வர்ணம் ஆகிய இவற்றோடு வேலை முடிந்துவிடும் என்பது அப்போது என் எண்ணம். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைப் பிறகு கண்டுகொண்டேன்.

இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் உலகிற் பலர். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் 2001ல் திறக்கப்பட்ட மாதிரி ரயிற் காட்சி உலகப் பிரசித்தமானது. இந்தியாவில் பூனா நகரத்து ஜோஷி என்பவர் பல்லாண்டு உழைத்து அமைத்த சிறு ரயில்கள் 1998ல் பொதுஜனங்களின் பார்வைக்குத் திறந்து விடப்பட்டன. ஆயினும், சரித்திர நோக்கம் என்று வரும்போது முதலிற் சொல்லத்தக்கது இங்கிலாந்தில் லாங் விட்டன்ஹாம் என்னும் கிராமத்திலுள்ள பென்டன் காட்சிசாலையே. அதைத் தோற்றுவித்த ராய் இங்கிலாந்து என்பவர் 1925ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாலிபர். கூரை வேய்ந்த பழைய கிராம வீடுகள் ஒவ்வொன்றாக உருமாறியும் அழிந்தும் வருவதைக் கண்டு அவர் மனம் நொந்தார். அந்தப் பள்ளத்தாக்கின் வாழ்க்கையை, 1930ம் வருஷத்தையொட்டி அது இருந்தபடியே, 1 அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற அளவில் செய்து வைக்கத் துணிந்தார். 1954ல் அக் காட்சிசாலை தொடங்கிற்று. அவர் காலத்துக்குப் பின்னும் வேலை நடந்து வருகின்றது. அங்கே ரயில் ஓடுகின்றது என்பது உண்மையே. ஆனால் பார்ப்பவர் மனத்திற் பதிவது குடியானவனின் வீடும், அவன் கொல்லையும், அவன் வேலியுமே. ரயில் ஒரு வியாஜம், மக்களே விஷயம். இதை நம்மவர் நன்கு கவனிக்க வேண்டும்.

நிற்க. இனி எங்கள் வேலைக்கு வருவோம். நமது நாட்டு ரயில் பாதையின் அகலம் 1 மீட்டர். மாதிரி செய்வோர் பெரும்பாலும் கையாளும் அளவு 87ல் ஒரு பங்கு. அந்த அளவில் 1 மீட்டர் என்பது ஏறக்குறைய பதினொன்றரை மில்லிமீட்டராகும். 12 மில்லிமீட்டர் அகலமுள்ள தண்டவாளம் தேடினால் கிடைக்கும். அரை மில்லிமீட்டர்ப் பேதம் மன்னிக்கத் தக்கதே. ஆனால் கடைகளிற் சாதாரணமாகக் கிடைப்பது பதினாறரை மில்லிமீட்டர்த் தண்டவாளம். அஃது இங்கிலாந்திலுள்ள 4 அடி 8½ அங்குலப் பாதைக்கு உரியது. மலிவென்று அதை வாங்கிப் போட்டால் நமது பாதை ஆங்கிலேயர் நாட்டுப் பாதையாக மாறிவிடும். நாங்கள் முதலில் அதைத்தான் வாங்கினோம். பிறகு கழற்றி வைத்துவிட்டு வேறு வாங்கினோம். இரண்டு மாதமும் சிறிது பணமும் வீணாயின. ஆயினும் ஒரு பாடம் கிடைத்தது. சுலபமாகக் கைக்கு வருவதைக் கொண்டு நம் சரித்திரத்தைச் செய்தால், அது பிறர் சரித்திரமாகவே முடியும்.

அடுத்த சங்கடம் நீளம். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்ஸன் வரை பாதை ஏறக்குறைய 24 மைல், அதாவது 39 கிலோமீட்டர். அதனை 87ல் ஒரு பங்காக்கினாலும் 450 மீட்டர் அளவு வரும். எங்கள் பள்ளி மண்டபமோ 20 மீட்டர் நீளமும் இல்லை. ஆகவே பெரும்பகுதியை விட்டே தீரவேண்டும். எதை வைப்பது, எதை விடுவது என்னும் கேள்வி எழுந்தவுடனே கைவேலை நின்று சரித்திர வேலை தொடங்கிவிடுகின்றது. சிரம்பான் நிலையம், இடையே ஒரு ரப்பர்த் தோட்டம், போர்ட்டிக்ஸன் கடற்கரை ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். இன்னின்னவற்றை விட்டிருக்கின்றோம் என்று ஓர் அட்டையில் எழுதிப் பலகையின் முன்புறத்தில் ஒட்டி வைத்தோம். விட்டதை ஒளிக்காமற் சொல்லுவது மாதிரி செய்பவனுக்கு மட்டுமன்றிச் சரித்திரம் எழுதுபவனுக்கும் கடமையாகும்.

இப்பாதையின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லுவேன். மலாயாவில் முதல் ரயில் 1885ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 8 மைல் தூரம் ஓடிற்று. அதை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படையினர் தருவிக்கப்பட்டனர். 1886ல் சிலாங்கூரில் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையையும் இணைக்கும் பாதை திறக்கப்பட்டது. 1891ல் நமது பாதை திறக்கப்பட்டது. ஈயத்தைச் சுரங்கத்திலிருந்து கடற்கரைக்குக் கொண்டு சேர்ப்பதே இவை யாவற்றுக்கும் முதல் நோக்கம். நமது பாதை தொடக்கத்தில் ஸர்க்காருக்குச் சொந்தமானதன்று. சுங்கை ஊஜோங் ரயில்வே என்னும் கம்பெனியார் அதை நடத்தினர். 1908ல் ஸர்க்கார் அதை விலைக்கு வாங்கிற்று. ஈயத்துக்குப் பின் ரப்பரும், பிற்காலத்தில் எண்ணெயும் இதன் வழியே சென்றன. 2008ல் போக்குவரத்து நின்றது. இன்று கம்பியின் மேல் கொடி படர்ந்திருக்கின்றது.

மாதிரி செய்யத் தொடங்கும்போது ஒரு வருஷத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 'பழைய காலம்' என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. 1891 என்று குறித்தால் நிலையத்தில் நெகிரி செம்பிலான் என்று எழுதி வைத்தல் பிழை; சுங்கை ஊஜோங் மற்ற நாடுகளோடு சேர்ந்து இன்றைய நெகிரி செம்பிலானானது 1895ல்தான். நாங்கள் 1910ம் வருஷத்தை எடுத்துக்கொண்டோம். ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறிய காலம் அது; சஞ்சிக்கூலி முறை நிறுத்தப்பட்டதும் அவ்வருஷத்தில்தான்.

வருஷம் ஒன்றென்று முடிவானதும் பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாக அகப்படலாயின. பள்ளிப் பிள்ளைகள் ஆசையோடு பச்சைக் காகிதத்தில் செம்பனை மரங்களைச் செய்து கொண்டுவந்து நட்டார்கள். அவர்கள் பிறந்தது முதல் கண்டது செம்பனையே, அவர்கள்மேற் குற்றமில்லை. ஆனால் இந்நாட்டில் வியாபாரத்துக்கென்று முதற் செம்பனைத் தோட்டம் சிலாங்கூரில் தென்னமரத்தில் போடப்பட்டது 1917ல். ஆகையால் 1910ல் செம்பனை நிற்க நியாயமில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு இளம் ரப்பர்க் கன்றுகளையும், காடு வெட்டி எரித்த இடத்தில் நிற்கும் கரிந்த அடிமரங்களையும் வைத்தோம். வாலிபர் ஒருவர் வெளியூரிலிருந்து ஒரு பெரிய எஞ்சினை வரவழைத்திருந்தார். பார்வைக்கு மிக அழகானது. அது 1938 முதல் இந்நாட்டுக்கு வந்த 'ஓ' வகுப்பு எஞ்சினின் சாயலில் இருந்தது. 28 வருஷம் முன்னதாக அதை ஓட்ட முடியுமா? மனமில்லாமல் பெட்டிக்குள் வைத்தோம். அழகாயிருப்பது வேறு, உண்மையாயிருப்பது வேறு என்பதை அன்று பிள்ளைகள் கண்கூடாகக் கண்டனர். இவ்வளவு தெளிவாக எந்தப் பாடப் புத்தகமும் அவர்களுக்கு இதைக் கற்பித்திராது.

வண்டியும் மரமும் சரியாயின. அடுத்தபடி மனிதர். ஐந்தரை அடி உயரமுள்ள மனிதன் இந்த அளவில் 2 செண்டிமீட்டர்கூட இல்லை. கடையில் விற்கும் உருவங்கள் தொப்பியும் கோட்டும் அணிந்த ஐரோப்பியர்கள். அவர்களை வாங்கி நிறுத்தியிருந்தால் சிரம்பான் நிலையம் இங்கிலாந்துக் கிராமமாகியிருக்கும். ஆகவே களிமண்ணிலும் கம்பியிலும் நாங்களே செய்யத் தொடங்கினோம். அப்போதுதான் யாரை எங்கே நிறுத்துவது என்னும் தர்க்கம் மூண்டது. நிலையத்து மேடையில் நிற்கும் உத்தியோகஸ்தர் யார்? அந்நாளில் ஸ்டேஷன் மாஸ்டர்களிலும் ரயில்வே கிராணிமார்களிலும் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த, ஆங்கிலங் கற்ற தமிழர். மேடைக்குக் கீழே, வெயிலில், சம்மட்டியும் கடப்பாரையும் ஏந்திக் கல் நெரித்துக் கட்டை மாற்றியவர்களில் மிகப் பலர் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த தமிழர். இருவரும் பேசியது தமிழே. ஆனால் ஒருவர் வீட்டுத் திண்ணையில் மற்றவர் உட்கார்ந்ததில்லை. தோட்டத்திலோ சாதி பார்த்துத் தனித்தனி லயம் ஒதுக்கிய இடங்களும் இருந்தன. "இதையெல்லாம் காட்ட வேண்டுமா? பார்க்க வரும் பிற இனத்தார் என்ன நினைப்பார்கள்?" என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். அவர் வருத்தம் நியாயமானதே. ஆயினும் எஞ்சினை மாற்றச் சொன்ன அதே நியாயந்தான் இங்கும் செல்லும். சக்கரத்தின் அளவில் பொய் கூடாது என்று பிடிவாதம் செய்துவிட்டு, மனிதர் வாழ்க்கையில் மட்டும் பொய் சொல்லலாமோ? லயங்களைப் பிரித்தே வைத்தோம். காரணத்தையும் எழுதி வைத்தோம்.

இந்த முதற் பலகையின் விவரங்களைச் சேகரிப்பதற்காகத் தோட்டத்து முதியோர் பலரிடம் போய் உட்கார்ந்தேன். அவர்கள் தங்கள் பெற்றோரிடம் கேட்ட பழைய கதைகளைச் சொல்லுவார்கள் என்று எதிர்பார்த்தேன். சொன்னார்கள், ஆனால் எந்தக் கதையாயினும் சிறிது நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்து நின்றது. கம்பிச்சடக்கு என்றவுடன் அவர்கள் வாயில் வந்த சொல் 'சயாம்' என்பதே. போர்ட்டிக்ஸன் பாதையைப் பற்றிக் கேட்கப் போனவன் சயாம் மரண ரயிலைப் பற்றிக் கேட்டுத் திரும்பினேன். இவ்விரண்டையும் பிரிக்க முடியாது என்று தெரிந்தபின் இரண்டாவது பலகை ஒன்று செய்யத் தீர்மானித்தோம். அதற்கு ஒரே ஒரு வருஷம் போதவில்லை; ஜப்பானியர் இந்நாட்டை ஆண்ட மூன்றரை வருஷத்தையும் எடுத்துக்கொண்டோம்.

இரண்டாவது பலகைக்குத் தம்பினிலிருந்து மலாக்காவுக்குச் சென்ற கிளைப் பாதையைத் தேர்ந்தெடுத்தோம். 1905ல் திறக்கப்பட்ட அப்பாதை ஏறக்குறைய 20 மைல் நீளமுள்ளது. ஜப்பானியர் காலத்தில் அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே அவர்கள் அமைத்த பாதைக்காகக் கொண்டுபோகப்பட்டன. கிம்மாஸிலிருந்து பாகாவ் வழியாகக் கிளந்தானை நோக்கிச் செல்லும் கிழக்குக் கரைப் பாதையின் பெரும்பகுதிக்கும் அதே கதி நேர்ந்தது. கிழக்குக் கரைப் பாதை யுத்தத்துக்குப் பின் மீண்டும் போடப்பட்டது; மலாக்காப் பாதையோ திரும்பவில்லை. எனவே அப்பாதையின் சரியான மாதிரியில் ரயிலே இல்லை. மண்மேடு உண்டு, ஓரத்திற் சிதறிய கல் உண்டு, கட்டை கிடந்த இடத்தில் வரிவரியாகப் பள்ளம் உண்டு, கம்பி இல்லை. ரயில் ஓடுவதைப் பார்க்க ஓடிவந்த குழந்தைகள் அந்தப் பலகையின் முன்னே திகைத்து நின்று, "ரயில் எங்கே?" என்று கேட்டன. "சயாமுக்குப் போயிற்று, நம் ஜனங்களும் அதோடு போனார்கள்" என்பதே விடை.

போனவர்கள் எத்தனை பேர்? நோங் பிளாடுக் என்னும் இடத்திலிருந்து பர்மாவில் தன்பியூஸயாத் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை 1942ல் தொடங்கி 1943 அக்டோபர் 17ந் தேதி இணைக்கப்பட்டது. நேசதேசத்து யுத்தக் கைதிகள் 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் வேலை செய்தனர். அவர்களில் 12 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலாயா, பர்மா, ஜாவா முதலிய நாடுகளிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஆசியத் தொழிலாளரின் தொகை அதனினும் பன்மடங்கு பெரிது. மாண்டவர் 90 ஆயிரம் அளவு இருக்கலாமென்று மதிக்கின்றனர். மலாயாவிலிருந்து மாத்திரம் 70 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சென்றனர். அவர்களிற் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். நாளொன்றுக்கு 1 வெள்ளி சம்பளம், மூன்றே மாத வேலை, உணவும் இருப்பிடமும் இனாம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். பிறகு பலாத்காரமாகவே பிடித்தார்கள். 1943ம் வருஷத்து மழைக்காலத்தில் காலராவும், அதனுடன் மலேரியா, சீதபேதி, பட்டினி, ஆறாப் புண் ஆகியவையும் அவர்களை வாரிக்கொண்டு போயின. யுத்தக் கைதிகளுக்குத் தங்கள் சொந்த அதிகாரிகளும் டாக்டர்களும் இருந்தனர். மாண்டவரின் பெயரைக் குறித்துவைக்க ஆளிருந்தது. நம்மவர்களுக்கோ அவ்வித ஏற்பாடு ஒன்றும் இல்லை.

மாதிரி செய்பவன் கணக்கிற் சொல்லுவதானால், மரண ரயிற் பாதை முழுவதையும் 87ல் ஒரு பங்காகச் செய்தால் சுமார் 3 மைல் நீளம் வேண்டும். மாண்ட 90 ஆயிரம் தொழிலாளருக்கும் 2 செண்டிமீட்டருக்கு ஓர் உருவமாக அதன் ஓரத்தில் நிறுத்திக்கொண்டே போனால், அவ்வரிசை 1 மைலுக்கு மேல் செல்லும். பாதை சுருங்குகின்றது, மனித எண்ணிக்கை சுருங்குவதில்லை.

உலகம் இப்பாதையை எவ்விதம் மாதிரியாகச் செய்து வைத்திருக்கின்றது என்பதையும் பார்ப்போம். காஞ்சனபுரியில் 1977ல் ஒரு விஹாரத்தின் அருகே, கைதிகள் இருந்த மூங்கிற் கொட்டகையைப் போலவே கொட்டகை அமைத்து ஒரு காட்சிசாலை திறந்தார்கள். 'ஜீத்' என்பது அதன் பெயர். ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா அல்லது ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து என்னும் நாடுகளின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. மலாயாவுக்கோ, பர்மாவுக்கோ, இந்தியாவுக்கோ அப்பெயரில் ஓர் எழுத்துமில்லை. அதைக் காட்டிலும் கீர்த்தி பெற்ற மாதிரி ஒன்று உண்டு. டேவிட் லீன் என்னும் ஆங்கிலேய டைரக்டர், குவாய் நதிப் பாலத்தைப் பற்றி 1957ல் வெளிவந்த தமது படத்துக்காக, இலங்கையில் கித்துல்கலை என்னுமிடத்தில் மரத்தால் உண்மையான பாலமே கட்டி, அதன்மேல் உண்மையான ரயிலை விட்டு வெடிவைத்துத் தகர்த்தார். காஞ்சனபுரியில் இன்றும் நிற்பதோ ஜாவாவிலிருந்து கொண்டுவந்த இரும்பு வளைவுகளைக் கொண்ட பாலம். அது நின்ற ஆற்றுக்கும் குவாய் என்னும் பெயர் அப்போது இல்லை; படம் பார்த்துவிட்டுத் தேடி வந்தவர்களின் பொருட்டுப் பின்னர்தான் அந்த ஆற்றின் பெயரை மாற்றினார்கள். பொய்யான மாதிரிக்கு உள்ள சக்தியைப் பாருங்கள்! கோடிக்கணக்கான ஜனங்கள் அந்தப் படத்தைச் சரித்திரமென்றே நம்பினார்கள். வெள்ளைக் கைதிகளின் துயரம் அவர்கள் மனத்தில் நின்றது. நம்மவர் அங்கே இருந்ததாகவே அவர்கள் அறியவில்லை.

ஆகையினாற்றான் சரியான மாதிரியை நாமே செய்யவேண்டும் என்கின்றேன். ஆனால் அளவு சரியாயிருந்தால் மாத்திரம் போதாது. இதை எனக்குக் கற்பித்தவர் ஒரு மூதாட்டியார்.

இரண்டாவது பலகையில், தம்பின் நிலையத்துப் பெரிய பாதையின் மேல், வடக்கு நோக்கிப் புறப்படும் சரக்கு வண்டி ஒன்றை நிறுத்தியிருந்தோம். மூடிய பெட்டிகள், அளவு, வர்ணம், கதவு யாவும் பழைய புகைப்படங்களோடு ஒத்துப் பார்த்துச் செய்தவை. அதைப்பற்றி எனக்குப் பெருமையும் இருந்தது. விழாவுக்கு முதல்நாள் அந்த மூதாட்டியார் பேரனோடு வந்து நெடுநேரம் உற்றுப் பார்த்தார். தம்முடைய ஐந்தாம் வயதிலே தகப்பனாரைச் சயாமுக்குப் பறிகொடுத்தவர் அவர். "தம்பி, கதவைச் சாத்தி வைத்திருக்கிறாயே, உள்ளே இருப்பது ஆளா அரிசியா என்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். என்னால் விடை சொல்ல முடியவில்லை. பிறகு, கோபமென்பதே இல்லாமல், "எங்கள் அப்பா பெயரைக் கிராணியார் எழுதிக்கொண்டு போனாராம்; அம்மா சொல்லும்" என்றார்.

அவர் குறிப்பிட்ட கிராணியார் இன்னாரென்று யான் அறியேன். ஆயினும் அச்சொல் என்னைச் சுட்டது. என் பாட்டனாரின் தகப்பனாரும் அக்காலத்தில் இம்மாநிலத்தில் ஒரு தோட்டத்துக் கிராணி. துரைமார் ஓடியும் சிறைப்பட்டும் போன பிறகு, பல தோட்டங்களின் பொறுப்பு கிராணிமார் கைக்கும் கண்டக்டர்மார் கைக்கும் வந்தது. இத்தனை ஆள் வேண்டுமென்று ஜப்பானியர் உத்தரவிட்டால், செக்ரோலைப் பிரித்து வைத்துக்கொண்டு பெயர் பொறுக்கியவர்கள் அவர்களே. மறுத்தவருக்கு உதையும் சிறையும் கிடைத்தன என்பதும் உண்மை. அன்றிரவு வீட்டில் என் பாட்டனாரைக் கேட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. "எழுதினார், ஐயா, எழுதத்தான் செய்தார். எத்தனை பேர் என்று ஒருநாளும் சொன்னதில்லை" என்று மாத்திரம் சொல்லிவிட்டு எழுந்து போனார். காலைப் பிரட்டில் பெயர் கூப்பிடுவதும், செக்ரோலில் பெயர் எழுதுவதுமே என் அன்றாட வேலை. அந்தப் பேனாவால் எதைச் செய்ய முடியும் என்பதை அதற்குமுன் யான் நினைத்துப் பார்த்ததில்லை.

மறுநாட் காலையில் நண்பர்களோடு ஆலோசித்தேன். கதவைத் திறந்து வைத்தால் பிழையாகுமே, ஓடும் வண்டிக்குக் கதவு மூடியிருந்ததுதானே என்று ஓர் ஆசிரியர் சரியாகவே ஆட்சேபித்தார். அப்படியானால் வண்டி இன்னும் புறப்படவில்லை, ஆள் ஏறிக்கொண்டிருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். முதற் பெட்டிகளின் கதவுகளை மூடியும், கடைசிப் பெட்டியின் கதவைத் திறந்தும் வைத்தோம். உள்ளே நெருக்கமாக உருவங்களை நிறுத்தினோம். கதவோரத்தில் ஏடு ஏந்திய கிராணி ஒருவரையும் நிறுத்தினோம். அந்த உருவத்தை வேறெவரிடமும் கொடாமல் யானே செய்தேன். பலகைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை மாட்டி, எங்கள் சுற்றுவட்டாரத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களின் பெயரைத் தெரிந்தவர்கள் எழுதலாம் என்று அறிவித்தோம். முதற் பெயரை அந்த மூதாட்டியார் சொல்ல, அவருடைய பேரன் எழுதினான். மாலைக்குள் அட்டை நிரம்பி, வேறோர் அட்டை மாட்ட நேர்ந்தது. ரயில் ஓடிய முதற் பலகையைக் காட்டிலும், ரயில் ஓடாத இரண்டாவது பலகையின் முன்னேதான் கூட்டம் நின்றது.

அன்பர்களே! 1990ல் காஞ்சனபுரிக்கு அருகே ஒரு கரும்புக் கொல்லையைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக் கூடுகள் குவியலாக அகப்பட்டன. அதே ஊரில் யுத்தக் கைதிகளுக்கென்று ஏறக்குறைய 7 ஆயிரம் சமாதிகள் வரிசை வரிசையாகப் பேணப்பட்டு வருகின்றன. மாண்ட தமிழருக்கென்று அவ்வூரில் நடுகல் எழுந்தது 2023ல்தான்; 80 வருஷம் சென்றது. அதை நட்டவர்கள் நம் நன்றிக்கு உரியவர்கள். ஆனால் அக்கல்லை நாடி நம்மில் எத்தனை பேர் போகக்கூடும்? நம்மிடையே, நம் பிள்ளைகள் தினந்தோறும் போகும் இடத்தில், அவர்கள் கையாலேயே செய்த ஒன்று இருக்கவேண்டாமா? பெரும் பணம் வேண்டுவதில்லை. ஒட்டுப்பலகை, அட்டை, தென்னையீர்க்கு, செம்மண், ஒரு சிறு மின்சார எஞ்சின், ஒரு வருஷத்துப் பொறுமை ஆகிய இவையே போதும்.

செய்ய விரும்புவோருக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில சொல்லுவேன். முதலில் வருஷத்தைக் குறியுங்கள். அந்த வருஷத்தில் இல்லாத எதையும், எவ்வளவு அழகாயிருப்பினும், வைக்காதீர்கள். விட்டதை எழுதி ஒட்டுங்கள். நம் குறைகளை மறைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வர்ணம் வாங்கக் கடைக்குப் போகுமுன் முதியோர் வீட்டுக்குப் போங்கள். தோட்டங்கள் துண்டுபட்டு விற்கப்படுகின்றன, லயங்கள் இடிக்கப்படுகின்றன, ஜனங்கள் பட்டணங்களுக்குச் சிதறிவிட்டனர். பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலே, பேரப் பிள்ளைகளுக்கு மத்தியில், எவரும் கேளாத சரித்திரத்தை மனத்தில் சுமந்துகொண்டு சில முதியோர் இன்னும் உட்கார்ந்திருக்கின்றனர். பெயர், ஊர், தோட்டம், எந்த வருஷம் போனார், திரும்பினாரா என்னும் ஐந்து கேள்விகளை அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தண்டவாளத்தின் அளவு இன்னும் 100 வருஷம் சென்றாலும் புத்தகங்களிற் கிடைக்கும். இந்த ஐந்து கேள்விகளுக்கு விடையோ இன்னும் சில வருஷங்களுக்கு மேல் கிடைக்கப் போவதில்லை.

எங்கள் மாதிரி இப்போது பள்ளி மண்டபத்தின் ஒரு மூலையில் இருக்கின்றது. பெயர் அட்டைகள் மூன்றாகிவிட்டன. சென்ற வாரமும் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்து, தம் பெரிய பாட்டனார் பெயரை எழுதச் சொன்னார். யானே எழுதினேன்.